காதுக்கு எட்டாத குரலுக்கு மனம் கட்டுப்படுமா?

வாசகர் கேள்வி – பதில்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலிருந்தும் அதை ஒட்டிய எல்லை ஊர்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, 'சப்லிமினல் ஆடியோ' எனப்படும் ஒளித்து வைக்கப்பட்ட ஒலிகளைப் பற்றியே இருந்தன. அவற்றைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் கேரள பி.எஸ்.சி.யின் எல்.டி. கிளார்க் தேர்வுக்கு, அதாவது தமிழும் மலையாளமும் அறிந்தோருக்கான பணியிடத்துக்கு, படித்து வருகிறாள். இரவில் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, எட்டு மணி நேரம் மழைச் சத்தம் மட்டுமே கேட்கும் ஒரு பதிவை ஓட விட்டுத் தூங்குகிறாள். அந்த மழைக்குள் 'நான் படித்தது எதையும் மறக்க மாட்டேன்' என்பது போன்ற ஆங்கில வாக்கியங்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை ஒளிந்திருக்கின்றனவாம்; அவை நேரே ஆழ்மனத்தில் பதிந்துவிடுமாம். என் மாமியாருக்கோ, முகம் தெரியாத எவனோ பேத்தியின் மனத்துக்குள் புகுந்து எதையாவது விதைத்துவிடுவானோ என்று பயம். இது படிப்புக்கு உதவுமா, ஆபத்தா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அப்படி எவனும் புகுந்துவிட முடியாது என்று உங்கள் மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். எந்தக் காரணத்தால் புக முடியாதோ அதே காரணத்தால் இந்த மழைச் சத்தம் நினைவாற்றலையும் வளர்க்காது என்பதை மகளிடம் சொல்லுங்கள். பாட்டியின் பயமும் பேத்தியின் நம்பிக்கையும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், கேட்கப்படாத சொல் கேட்ட சொல்லைவிட வலிமையானது என்ற ஒரே கூற்றின் மேல்தான் இரண்டும் நிற்கின்றன. அந்தக் கூற்றைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். பலர் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

இந்தக் கூற்று உலகெங்கும் பரவியது 1957இல். ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ நகரத் திரையரங்கு ஒன்றில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் 'பாப்கார்ன் சாப்பிடுங்கள்', 'கோகோ கோலா குடியுங்கள்' என்ற வாசகங்களைத் திரையில் மின்னச் செய்ததாகவும், அதனால் கோலா விற்பனை 18.1 சதவீதமும் பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேலும் உயர்ந்ததாகவும் அறிவித்தார். அமெரிக்கா பதறியது. ஆனால் முழு விவரங்களைத் தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் எதையும் தரவில்லை. 1962இல் ஒரு விளம்பரத் துறை இதழுக்கு அளித்த பேட்டியில், தம்மிடம் இருந்த தரவு எந்த முடிவுக்கும் வர முடியாத அளவுக்குச் சிறியது என்று அவரே ஒப்புக்கொண்டார். இடையில் 1958இல் கனடா நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி., ஓர் அரைமணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குள் 'இப்போதே தொலைபேசியில் அழையுங்கள்' என்ற வாசகத்தை 352 முறை மின்னச் செய்து பார்த்தது. அழைப்புகள் கூடவில்லை. ஏதோ ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்த நேயர்களில் பலர், நிகழ்ச்சி முடிந்ததும் தமக்குப் பசித்ததாகவும் தாகம் எடுத்ததாகவும் எழுதினார்கள். தியேட்டர் பாப்கார்ன் கதை அதற்குள் அவர்கள் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அது கண்ணுக்கானது, உங்கள் மகள் கேட்பது காதுக்கானது. 1980களில் அமெரிக்காவில், கடல் அலையோசைக்கும் மெல்லிசைக்கும் அடியில் அறிவுரைகளை ஒளித்திருப்பதாகச் சொல்லி, உடல் இளைக்க, புகை விட, நினைவாற்றல் பெருக என்று தனித்தனி ஒலிநாடாக்கள் கோடிக்கணக்கான டாலருக்கு விற்றன. அந்தோணி கிரீன்வால்ட் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1991இல் வெளியிட்ட சோதனை, இந்த வகை ஆராய்ச்சிகளில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. கடைகளில் விற்ற அசல் நாடாக்களையே அவர்கள் வாங்கினார்கள். ஒரு வகை நினைவாற்றலுக்கானது, இன்னொரு வகை தன்னம்பிக்கைக்கானது. பங்கேற்றவர்களில் பாதிப் பேருக்கு மேலட்டையை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். அதாவது 'நினைவாற்றல்' என்று எழுதிய உறைக்குள் தன்னம்பிக்கை நாடா இருந்தது. யாரிடம் எது இருக்கிறது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. ஒரு மாதத்துக்கு மேல் நாள்தோறும் கேட்ட பிறகு முறையான தேர்வுகள் வைத்துப் பார்த்ததில், நினைவாற்றலிலும் சரி, தன்னம்பிக்கையிலும் சரி, நாடாவுக்குள் இருந்த செய்தியால் எந்தப் பலனும் இல்லை. ஆனால் 'உங்களுக்கு முன்னேற்றம் தெரிகிறதா?' என்று கேட்டபோது, கணிசமானோர் ஆம் என்றார்கள். அதுவும் உள்ளே இருந்ததைப் பொறுத்து அல்ல, அட்டையில் எழுதியிருந்ததைப் பொறுத்து. வேலை செய்தது ஒளித்து வைத்த சொல் அல்ல, கொட்டை எழுத்தில் அச்சிட்ட சொல். உங்கள் மகள் 'எனக்கு நல்ல பலன் தெரிகிறது' என்று சொன்னால் அவள் பொய் சொல்லவில்லை என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நீங்கள் அனுப்பியிருந்த பதிவைக் கணினியில் திறந்து, ஒலியை அதிர்வெண் வாரியாகப் படமாகக் காட்டும் 'ஸ்பெக்ட்ரோகிராம்' முறையில் பார்த்தேன். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் உங்கள் மகளே இதைப் பார்க்கலாம். மனிதப் பேச்சு இருந்தால், ஏணிப் படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைக்கோடுகள் தோன்றி, சொல்லுக்குச் சொல் வளைந்து ஏறி இறங்கும். இடையிடையே மூச்சு விடும் இடைவெளியும் தெரியும். இதில் தொடக்கம் முதல் கடைசி வரை மழைக்கே உரிய சீரான மங்கல்தான் படர்ந்திருக்கிறது; 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது நொடிக்கு 16,000 அதிர்வுகளுக்கு மேல், ஒலியே இல்லை என்பதைக் காட்டும் வெறும் கறுப்பு. 1988இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் மெரிக்கிள் அன்றைய வணிக நாடாக்களை இப்படித்தான் ஆராய்ந்தார். பேச்சின் தடயம் எதுவும் அவற்றில் அகப்படவில்லை.

சரி, தயாரித்தவர் நேர்மையானவர், வாக்கியங்களை உண்மையாகவே பதிவு செய்து மழைக்குள் புதைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு தடைகள் இருக்கின்றன. முதல் தடை, கோப்பைச் சுருக்கும் முறை. எம்பி3 போன்ற முறைகள், ஓர் உரத்த ஒலி ஒலிக்கும்போது அதே அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலி காதில் விழாது என்ற செவியின் இயல்பைப் பயன்படுத்தித்தான் கோப்பின் அளவைக் குறைக்கின்றன. அதாவது, மனிதக் காதுக்குக் கேட்காது என்று கணக்கிட்ட பகுதியைத் தேடிப் பிடித்துச் சிதைப்பதோ கழிப்பதோதான் அவற்றின் முழுநேர வேலை. மழைக்கு அடியில் மெல்லிய குரலை ஒளித்து இணையத்தில் ஏற்றினால், அந்த மென்பொருள் முதலில் கை வைப்பது அந்தக் குரலின் மேல்தான். இரண்டாவது தடை, அந்தப் பத்தாயிரம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் வாக்கியம் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டுமானால் ஒரு வாக்கியத்துக்குக் கிடைப்பது 6 மில்லி விநாடி. நாம் 'அ' என்று சொல்லி முடிக்கவே அதைப்போலப் பத்து மடங்கு நேரம் ஆகும். நூற்றுக்கணக்கான குரல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தால், தேர்த் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சல்தான் மிஞ்சும். இரைச்சலுக்குப் பொருள் கிடையாது.

அறிவியல் இந்தத் துறையில் எதையுமே கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் தவறாகிவிடும். 2005இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இருவர், ஒரு சொல்லை மிகவும் சுருக்கி, பேச்சைப் போன்ற இரைச்சலுக்குள் மறைத்து ஒலிக்கச் செய்து, உடனே அதே சொல்லைத் தெளிவாக ஒலித்தால் கேட்பவர் அதைச் சற்று வேகமாக அடையாளம் காண்கிறார் என்று காட்டினார்கள். மில்லி விநாடிக் கணக்கிலான வேகம் அது. பார்வைச் சோதனைகளிலும், மறைத்துக் காட்டிய சொல்லின் தாக்கம் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் கரைந்துவிடுகிறது. வேறு சில சோதனைகளில், ஏற்கெனவே தாகமாக இருந்தவர்களிடம் மட்டும் தாகம் தொடர்பான மறைசொற்கள் கொஞ்சம் செல்லுபடியாயின. இந்தச் சின்னஞ்சிறு விளைவுகளை எடுத்துக்கொண்டு ஒரு வருடத்துப் பாடத்தை மனப்பாடமாக்குவதாகச் சொல்வது, வியாபாரம்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950களிலேயே சார்லஸ் சைமன், வில்லியம் எம்மன்ஸ் என்ற இருவர், மூளை அலைகளைப் பதிவு செய்தபடி, தூங்குபவர்களுக்குக் கேள்வியும் பதிலும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள்; காலையில் நினைவிருந்தவையெல்லாம் அரைகுறையாக விழித்திருந்த நேரத்தில் காதில் விழுந்தவையே. பிற்கால ஆய்வுகள், பகலில் விழிப்போடு கற்ற ஒன்றுக்கு அடையாளமான ஒலியைத் தூக்கத்தில் மெல்ல ஒலித்தால் அந்த நினைவு சற்று உறுதிப்படலாம் என்று காட்டுகின்றன. கற்காத எதையும் அது புதிதாகக் கற்றுத் தருவதில்லை. மறுபுறம், தூங்கும்போது காது மூடிக்கொள்வதுமில்லை: தன் பெயர் ஒலித்தால் தூங்குபவரின் மூளை அலைகளில் சலனம் தெரியும் என்பது 1960இலேயே பதிவாகியிருக்கிறது. எனவே எட்டு மணி நேரமும் காதுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கும் எதுவும் தூக்கத்தைக் கலைக்கக்கூடும். படித்ததை மூளை நிலைநிறுத்துவதோ நல்ல தூக்கத்தில்தான். இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மழைச் சத்தம் பிடித்திருந்தால் அறையின் மூலையில் போனை வைத்து அரைமணி நேரத்தில் தானாக நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம். தேர்வுப் பயத்துக்கு அவள் பிடித்துக்கொண்ட கொம்பு அது. பிடுங்குவதைவிட, பழைய வினாத்தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பது பயன் தரும். புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத் தானே சோதித்துப் படிப்பவர்கள், திரும்பத் திரும்ப வாசிப்பவர்களைவிட நீண்ட நாள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது பல சோதனைகளில் உறுதியானது.

கேள்வி: பொள்ளாச்சியில் பெரிய துணிக்கடை ஒன்றுக்குள் போனால் எப்போதும் ஏதாவது இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓணத்துக்கு இரண்டு சட்டை எடுக்கப் போனவன் மூவாயிரத்துக்கு எடுத்துவிட்டு வருகிறேன். அந்த இசைக்குள் 'வாங்கு, வாங்கு' என்று ஏதாவது ஒளித்து வைத்திருப்பார்களா?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: ஒளித்து வைக்க வேண்டிய தேவையே கடைக்காரருக்கு இல்லை, ஐயா. 1970களின் இறுதியில் அமெரிக்கக் கடைகள் சில, திருட்டைக் குறைப்பதற்காக 'நான் நேர்மையானவன், திருட மாட்டேன்' என்ற வாக்கியத்தை இசைக்கு அடியில் மெல்ல ஒலிக்கும் கருவிகளைப் பொருத்தின. திருட்டு குறைந்ததாகச் சொன்னவர்கள் கருவியை விற்றவர்களும் வாங்கியவர்களும்தான். முறையான சோதனையில் அது நிரூபிக்கப்படவில்லை.

காதுக்கு நன்றாகக் கேட்கும் இசையின் கதை வேறு. 1982இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேகமான இசையை விட மெதுவான இசை ஒலித்த நாள்களில் வாடிக்கையாளர்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனையும் 38.2 சதவீதம் கூடியது. 1997இல் இங்கிலாந்தில் ஒரு கடையின் ஒயின் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நாள் பிரெஞ்சு இசையும் மறுநாள் ஜெர்மானிய இசையும் மாற்றி மாற்றி ஒலித்துப் பார்த்தபோது, பிரெஞ்சு இசை நாளில் பிரெஞ்சு ஒயினும் ஜெர்மானிய இசை நாளில் ஜெர்மானிய ஒயினும் கூடுதலாகப் போயின. வாங்கியவர்களைக் கேட்டபோது, இசைக்கும் தாங்கள் வாங்கியதற்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். மறைந்திருந்தது ஒலி அல்ல. ஒலி தம்மை எங்கே கொண்டுபோகிறது என்பதைத்தான் அவர்கள் கவனிக்கவில்லை. அவர்களும் ஒயின் வாங்கத்தான் வந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இசை வேட்டி எடுக்க வந்தவரை ஒயின் வாங்க வைக்கவில்லை.

உங்கள் மூவாயிரத்தில் இசையின் பங்கு கொஞ்சம் இருக்கலாம். 'இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்' என்ற அட்டையின் பங்கும், அண்ணே அண்ணே என்று சுற்றி வந்து பத்துச் சட்டையைப் பிரித்துப் போட்ட விற்பனைப் பையனின் பங்கும், குளிர்சாதன வசதியின் பங்கும் அதைவிடப் பெரிதாக இருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: சில பாட்டுகளைத் தலைகீழாக ஓட விட்டால் தீய செய்திகள் கேட்கின்றன என்று நண்பர்கள் காட்டினார்கள். எனக்கும் கேட்டது! நேராகக் கேட்கும்போதே மூளை அதைத் திருப்பிப் புரிந்துகொள்ளுமா?
– கல்லூரி மாணவர், வேலந்தாவளம்

பதில்: உங்கள் நண்பர்கள் என்ன கேட்கும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தானே ஓட விட்டார்கள்? கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வோக்கி, ரீட் என்ற இருவர் 1985இல் இதை விரிவாகச் சோதித்தார்கள். தலைகீழாக ஒலிக்கும் பேச்சைக் கேட்டவர்களால் பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்ல முடிந்தது. ஆனால் அது கேள்வியா வாக்கியமா, குழந்தைப் பாட்டா, மதப் பாடலா, விளம்பரமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு குறிப்பிட்ட தொடர் அதில் இருக்கிறது, கவனியுங்கள் என்று சொன்னதும் பெரும்பாலோருக்கு அது கேட்டுவிட்டது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 'விகடகவி' என்பதை எழுத்தில் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதுவேதான். போனில் உங்கள் குரலில் அதைப் பதிவு செய்து தலைகீழாக ஓட விடுங்கள். மெய் முன்னும் உயிர் பின்னுமாக இருந்தவை இடம் மாறி, 'இவகடகிவ்' என்பது போல ஏதோ ஒன்றுதான் வரும். நாம் திருப்பிப் படிப்பது எழுத்தை. கருவி திருப்புவது ஒலியை. நேரே ஓடும் பாட்டுக்குள்ளிருந்து அந்த 'இவகடகிவ்'வைப் பிரித்தெடுத்து, மறுபடி திருப்பி, பொருள் கண்டு, கட்டளையாகவும் ஏற்கும் வேலையை மூளை இரகசியமாகச் செய்கிறது என்பதற்குச் சான்று இல்லை.

இது நீதிமன்றம் வரையிலும் போயிருக்கிறது. ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் பாட்டில் ஒளிந்திருந்த 'செய்துவிடு' என்ற சொல்லே இரண்டு இளைஞர்களின் சாவுக்குக் காரணம் என்று குடும்பத்தார் தொடுத்த வழக்கை, 1990இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரெனோ நகர நீதிமன்றம் விசாரித்தது. அங்கே கேட்டது வேண்டுமென்றே ஒளித்த சொல் அல்ல, பாடகர் மூச்சு விடும் ஒலியும் கிட்டார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்தது என்று கண்ட நீதிபதி, குழுவின் பக்கம் தீர்ப்பளித்தார்.

கேள்வி: 'சைலன்ட் சப்லிமினல்' என்று ஒன்று இருக்கிறதாமே? சத்தமே கேட்காது, ஆனால் போன் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் காப்புரிமை பெற்ற தொழில்நுட்பம் என்கிறார்கள்.
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: காப்புரிமை உண்மைதான். 1992இல் வழங்கப்பட்ட 5,159,703 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை அது. பேச்சை மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியின் மேல் ஏற்றி அனுப்புவது அதன் முறை. ஆனால் காப்புரிமை என்பது 'இந்த யோசனை என்னுடையது' என்பதற்கான பதிவே தவிர, மனித மனத்தில் அது வேலை செய்கிறது என்று அரசு சோதித்துத் தந்த சான்றிதழ் அல்ல.

ஓர் எளிய தடை இதிலும் உண்டு. வானொலி நிலையம் பேச்சை அலையின் மேல் ஏற்றி அனுப்புகிறது. அதை இறக்கி எடுக்கும் பாகம் வானொலிப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் காதுக்குள் அப்படி எதுவும் இல்லை. 15,000 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால், உள்காதில் அதற்கென்று உள்ள இடம் அதிரும். இளையவருக்கு மெல்லிய கீச்சொலி கேட்கும், வயது ஏற ஏற அதுவும் கேட்காது. அந்தக் கீச்சொலிக்குள் இருக்கும் வாக்கியத்தைப் பிரித்தெடுக்க வழியில்லை.

வேடிக்கை என்னவென்றால், மனிதரிடம் பலிக்காத இந்த வித்தை கருவியிடம் பலிக்கிறது. 2017இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதக் காதுக்கு எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியில் கட்டளைகளை ஏற்றி அனுப்பி, சிரி, அலெக்ஸா போன்ற குரல் உதவியாளர்களைப் பணிய வைத்துக் காட்டினார்கள். மைக்ரோஃபோனின் இயல்பான ஒரு குறைபாடு, ஏற்றிய பேச்சைத் தானாகவே இறக்கிக் கொடுத்துவிடுகிறது. தொலைக்காட்சி விளம்பரத்துக்குள் கேட்காத ஒலியைச் சேர்த்து, பக்கத்தில் இருக்கும் போனின் செயலி அதை மைக் வழியாகக் கேட்டு, வீட்டில் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும் முறையும் வந்தது; இதற்கான நிரலைச் சேர்த்திருந்த 12 செயலி நிறுவனங்களுக்கு 2016 மார்ச்சில் அமெரிக்க வணிக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கேட்காத ஒலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால், கவலைப்பட வேண்டிய இடம் உங்கள் மனம் அல்ல, சட்டைப்பையில் இருக்கும் போன். அமைப்புகளுக்குள் போய், டார்ச் செயலிக்கும் நாள்காட்டிச் செயலிக்கும் மைக்ரோஃபோன் அனுமதி எதற்கு என்று பார்த்து நீக்குங்கள்.

கேள்வி: இரண்டு காதிலும் வெவ்வேறு ஒலி கேட்டால் மூளை அலை மாறும் என்கிறார்களே, 'பைனாரல் பீட்ஸ்', அதுவும் ஏமாற்றா?
– வாசகி, முதலமடை

பதில்: அந்த ஒலி நிகழ்வு உண்மை. ஒரு காதில் 400 ஹெர்ட்ஸும் மறு காதில் 410 ஹெர்ட்ஸும் ஒலித்தால், நொடிக்குப் பத்து முறை துடிக்கும் ஒலி ஒன்று தலைக்குள் கேட்பது போலிருக்கும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹைன்ரிக் டோவ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டறிந்தார். ஹெட்போன் இல்லாமல் கேட்காது. பதற்றம் குறைகிறது, கவனம் கூடுகிறது என்பதற்கான ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பிடித்திருந்தால் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். அதில் கட்டளை எதுவும் இல்லை.

கேள்வி: என் கணவரின் தம்பிக்கு 24 வயது. இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டார் ஏதோ கருவி வைத்து, மின்விசிறிச் சத்தத்துக்குள் தன்னைத் திட்டிப் பேசி அனுப்புகிறார்கள் என்கிறார். சப்லிமினல் பற்றி யூடியூபில் பார்த்த பிறகு இது உறுதியாகிவிட்டது. விசிறியைக் கழற்றி வைத்துவிட்டார். பக்கத்து வீட்டாரோடு தகராறு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, வாளையார்

பதில்: அம்மா, மற்றக் கேள்விகள் இதழ் வரும் வரை காத்திருக்கலாம், உங்களுடையதற்கு மட்டும் காத்திருக்க மனமில்லாமல் தனியாகவும் எழுதியிருக்கிறோம். பிறருக்கும் உதவும் என்பதால் இங்கேயும் தருகிறோம்.

பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு ஒருவருடைய தலைக்குள் மட்டும் பேசும்படியான கருவி கிடையாது. நுண்ணலை (மைக்ரோவேவ்) துடிப்புகள் தலைக்குள் 'டிக்' என்ற ஒலியை உண்டாக்கும் என்பதை ஆலன் ஃபிரே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். இணையத்தில் இதைத்தான் ஊதிப் பெருக்குகிறார்கள். ரேடார் அளவிலான கருவிகளோடு தொடர்புடைய அந்த 'டிக்'குக்கும், பெயர் சொல்லித் திட்டும் குரலுக்கும் வெகுதூரம். விசிறி போன்ற ஒரே சீரான இரைச்சலில் பேச்சு இருப்பதாகத் தோன்றுவது நலமான மனிதர்களுக்கும் நடப்பதுதான். ஆனால் தூக்கமின்மை, தன்னைப் பற்றியே பேசும் குரல், அதற்குக் காரணமாக ஒரு குறிப்பிட்ட ஆள்மேல் சந்தேகம், இவை மூன்றும் வாரக்கணக்கில் சேர்ந்து வந்தால் மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த வயதில் தொடங்கும் இத்தகைய சிக்கல்களில், சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

'அப்படி எதுவும் கேட்கவில்லை, உனக்குப் பிரமை' என்று வாதாட வேண்டாம். அவருக்குக் கேட்பது அவருக்கு உண்மை. 'எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தால் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரிகிறது. இரண்டு மாதமாகத் தூக்கமே இல்லையே, அதற்காவது டாக்டரைப் பார்ப்போம்' என்று தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அதற்கு இசைவார்கள். காது மருத்துவரிடம் ஒரு செவிச் சோதனையும் செய்துகொள்ளலாம். குடிப்பழக்கமோ வேறு போதைப் பழக்கமோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். யூடியூபில் பார்த்ததைக் கேலி செய்யாதீர்கள்.

மத்திய அரசின் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறார்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் பேசி வழி கேட்கலாம். கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் செயல்படுகிறது. பாலக்காடு மாவட்ட மருத்துவமனையிலோ, அருகில் என்று தோன்றினால் கோவை அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். தன்னையோ பக்கத்து வீட்டாரையோ தாக்குவதாக அவர் பேசத் தொடங்கினால் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: உயரம் வளர, சர்க்கரை நோய் குணமாக என்று சொல்லிச் சென்னையிலிருந்து ஒருவர் விற்ற சப்லிமினல் தொகுப்பை 4,500 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். கேரளத்தில் இருக்கும் நான் எங்கே புகார் செய்வது?
– வாசகர், எருத்தேம்பதி

பதில்: மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே மறுபடி தொடங்கி, சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பணம் அதற்குப் பிறகு.

மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இலேயே வந்தது. நீரிழிவு, உடல் பருமன், உயரம் உள்ளிட்ட பட்டியலிட்ட பல குறைகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. மந்திரம், தாயத்து, கவசம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இயர்போன் வழியாக வரும் மந்திரம் இதற்குள் அடங்குமா என்பதை உரிய அதிகாரிகள்தான் முடிவு செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

விற்றவர் சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கு அது பாலக்காடு. 5 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல விற்பனையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய யு.பி.ஐ. விவரம், வாட்ஸாப் உரையாடல் ஆகிய மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். கேள்வி எழுந்ததும் அவர்கள் பக்கத்தை அழித்துவிடுவது வழக்கம். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.